சிமுலேஷன் இன்ஜினும் முகப்பும்: த்ரெட்டா, தனி ப்ராசஸா?

கணக்குப் போடும் இன்ஜின் தயார். அதற்கு ஜன்னல், பொத்தான், ஓடும் வரைபடம் எல்லாம் வைத்து ஒரு டெஸ்க்டாப் முகப்பு வேண்டும். இரண்டையும் இணைக்க மூன்று வழிகள் உண்டு: முகப்பின் டைமரிலேயே இன்ஜினை ஓட்டுவது, தனி த்ரெட்டில் (அதே ப்ரோக்ராமுக்குள் இணையாக ஓடும் இழை) ஓட்டுவது, தனி ப்ராசஸாகவே (தனக்கென நினைவகம் உள்ள வேறொரு ப்ரோக்ராமாக) பிரித்துவிடுவது. என்னுடையது சி++ல் எழுதிய வெப்பப் பரவல் இன்ஜின், க்யூடியில் (முகப்பு எழுத உதவும் லைப்ரரி) செய்த முகப்பு. பிரித்துத்தான் வைத்திருக்கிறேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாயும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

டைமர் வழியைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பட்டால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 16.7 மில்லி செகண்ட். இன்ஜினின் ஒரு ஸ்டெப் (ஒரு கால இடைவெளிக்கான கணக்கு) அதில் பாதிக்குள் முடிகிறதா? அப்படியானால் இதுவே போதும்; லாக் (ஒருவர் தரவைத் தொடும்போது மற்றவரைத் தடுக்கும் பூட்டு) வேண்டாம், கியூ (செய்தி வரிசை) வேண்டாம், நிம்மதி. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: டைமர் எவ்வளவு நேரம் கழித்து அடித்தது என்பதை சிமுலேஷனின் கால இடைவெளியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டைமர் சீராக அடிக்காது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வேறு வேறு விடை வரும்.

அடுத்தது த்ரெட். பெரும்பாலோர் முதலில் போவது இங்கேதான், அதில் நியாயமும் இருக்கிறது. நினைவகம் பொது, தரவைக் காப்பி எடுக்க வேண்டியதில்லை. முகப்பின் விட்ஜெட்டுகளை (பொத்தான், பெட்டி போன்ற உறுப்புகளை) முகப்புக்குரிய த்ரெட்டைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது என்ற விதி க்யூடி, ஜாவாவின் ஸ்விங், மைக்ரோசாஃப்டின் டபிள்யூபிஎஃப் எல்லாவற்றிலும் உண்டு. க்யூடியில் சிக்னல் (ஒரு பகுதி இன்னொன்றுக்கு அனுப்பும் அறிவிப்பு) ஒரு த்ரெட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது தானாகவே கியூவில் நின்றுவிடுவதால் அதைச் சமாளிப்பது எளிது. ஆனால் ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் சிக்னல் அனுப்பினால் கியூ வீங்கி முகப்பு திணறும். கடைசி நிலையை மட்டும் ஓரிடத்தில் வைத்துவிட்டு, முகப்பு தன் வேகத்தில் வந்து எடுத்துக்கொள்ளும்படி விட வேண்டும். பைத்தான்காரர்களுக்கு ஜிஐஎல் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டுமே பைத்தான் நிரலை ஓட்டவிடும் பொது லாக்) என்ற கூடுதல் தலைவலியும் உண்டு: சி++ஐப் பைத்தானோடு இணைக்கும் பைபைண்ட்11 வழியாக சி++ இன்ஜினைக் கூப்பிட்டாலும் அந்த லாக்கை நாமே விடுவிக்காவிட்டால் த்ரெட் போட்டும் முகப்பு உறைந்துதான் நிற்கும். 2024ல் வந்த பைத்தான் 3.13ல் ஜிஐஎல் இல்லாத பதிப்பு சோதனை நிலையில் வந்தது.

இதுவரை த்ரெட்டுக்கு எதிராகப் பெரிதாக ஒன்றுமில்லை. எனக்கு விஷயத்தைத் தீர்மானித்தது 'நிறுத்து' பொத்தான்.

பயனர் தப்பான அளவுருவைக் கொடுத்து ஓட்டிவிட்டார், நிறுத்த வேண்டும். த்ரெட்டில் இருக்கும் ஒரே நாகரிகமான வழி, ஒரு கொடியை (நிறுத்தச் சொல்லும் ஒரு மாறியை) உயர்த்தி, இன்ஜின் அதை எட்டிப்பார்க்கும்வரை காத்திருப்பது. நம் சொந்த லூப் என்றால் பார்க்கும். ஆனால் நேரம் முழுவதும் போவது சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்கும் லைப்ரரிக்குள். அதற்கு நம் கொடியைப் பற்றி என்ன கவலை? சில லைப்ரரிகள் கால்பேக் (நடுவில் நம் நிரலைக் கூப்பிடும் வசதி) தருகின்றன, பல தருவதில்லை. க்யூடியின் த்ரெட் வகையான க்யூத்ரெட்டில் வலுக்கட்டாயமாக நிறுத்தும் டெர்மினேட் இருக்கிறதே என்றால், அது ஆபத்து, தவிருங்கள் என்று க்யூடி ஆவணமே எச்சரிக்கிறது. நினைவகம் ஒதுக்கும் லாக்கைப் பிடித்திருக்கும்போது த்ரெட்டைக் கொன்றால், அடுத்து நினைவகம் கேட்கும் முகப்பும் சேர்ந்து தொங்கும்.

தனி ப்ராசஸ் என்றால் கொன்றுவிட்டு இன்னொன்றைக் கிளப்பலாம். நினைவகத்தை இயங்குதளம் திரும்ப எடுத்துக்கொள்ளும். இன்ஜின் தானாக செக்மென்டேஷன் ஃபால்டில் (தப்பான நினைவக இடத்தைத் தொட்டதால் வரும் முறிவு) விழுந்தாலும் இதே கதைதான். முகப்பு உயிரோடு நின்று, எந்த அளவுருக்களில் விழுந்தது என்று காட்டும். பயனர் ஒரு மணி நேரமாக நிரப்பிய படிவம் அப்படியே இருக்கும். திரையே இல்லாத சர்வரில் இரவு முழுக்க ஓட்ட அதே இன்ஜினை அனுப்பலாம் என்பது உபரி லாபம்.

இது ஒன்றும் புது யோசனை இல்லை. பழைய கஸீபோ ரோபோ சிமுலேட்டரில் ஜிஇஸட்சர்வர் கணக்குப் போட, ஜிஇஸட்கிளையன்ட் படம் காட்டியது. சுமோ போக்குவரத்து சிமுலேட்டரை வெளியிலிருந்து இயக்கும் ட்ராசி, டிசிபி சாக்கெட் என்ற வலையிணைப்பில்தான் பேசுகிறது.

கொல்வதிலும் இரண்டு இடங்களில் எச்சரிக்கை வேண்டும். முடிவுக் கோப்பைப் பாதி எழுதும்போது கொன்றால் அரைகுறைக் கோப்பு மிஞ்சும்; தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்ததும் பெயர் மாற்றுங்கள். இரு ப்ராசஸும் பகிர்ந்துகொள்ளும் நினைவகத்துக்கு செமஃபோர் (லாக் போன்ற ஒன்று) போட்டிருந்தால், அதைப் பிடித்தபடி செத்த இன்ஜின் அதை விடுவிக்காமலே போகலாம். இரண்டு பஃபரும் ஒரு வரிசை எண்ணும் வைத்து லாக்கே இல்லாமல் செய்வது மேல்.

செலவு? தரவுப் போக்குவரத்து. ஒரு லட்சம் துகள்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆயங்கள், ஆளுக்கு 4 பைட் என்றால் ஒரு ஃப்ரேம் 12 லட்சம் பைட். நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் 72 மெகாபைட். இதை ஜேசானாக (எழுத்து வடிவத் தரவாக) மாற்றி அனுப்பினால் சிபியு அழும். பைனரியாகப் பகிர்ந்த நினைவகத்தில் வைத்தால் அலட்டிக்கொள்ளாது. ஆணைகளுக்கும் முன்னேற்றச் செய்திக்கும் சாதாரண பைப் (ஒரு ப்ராசஸின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் குழாய்) போதும். அதிலும் ஒரு பொறி உண்டு: வெளியீடு டெர்மினலுக்குப் போகாமல் பைப்புக்குப் போகும்போது சி லைப்ரரி அதை வரிவரியாக அனுப்பாது, மொத்தமாகச் சேர்த்து அனுப்பும். முன்னேற்றப் பட்டை 0ல் நின்று, திடீரென்று 40க்குத் தாவினால் இன்ஜினைச் சந்தேகிக்காதீர்கள், ஒவ்வொரு செய்திக்கும் பின் ஃப்ளஷ் செய்யுங்கள், அதாவது சேர்ந்ததை உடனே அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம், முதல் செய்தியிலேயே இரு பக்கமும் பதிப்பு எண்ணைச் சொல்லிக்கொள்ள வேண்டும். பழைய இன்ஜினும் புது முகப்பும் சந்திக்கும் நாள் கட்டாயம் வரும்.

ஜிபியுவில் (வரைகலைச் சிப்பில்) ஓடும் இன்ஜின் என்றால் என் சாய்வு குறைகிறது. விடை ஏற்கெனவே ஜிபியு நினைவகத்தில் இருக்கும்போது அதே ப்ராசஸில் நேராக வரைவதுதான் லாபம். அந்தப் பக்கம் எனக்குப் பழக்கம் குறைவு, அதனால் அங்கே த்ரெட்காரர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

முடிவெடுக்க முடியவில்லை என்றால் இன்ஜினை லைப்ரரியாக எழுதி, அதன்மேல் மெல்லிய கமாண்ட் லைன் ப்ரோக்ராம் ஒன்றைப் போர்த்துங்கள். முகப்பு அதை க்யூப்ராசஸ் (வேறு ப்ராசஸைக் கிளப்பும் க்யூடி வசதி) மூலம் கிளப்பட்டும். வேகம் பற்றாதபோது அதே லைப்ரரியை முகப்போடு நேரடியாக லிங்க் செய்துகொள்ளலாம். எதிர்த்திசையில், முகப்பு முழுக்க இன்ஜினின் பாயின்டர்கள் பரவிக் கிடக்கும் நிலையிலிருந்து பிரிப்பது பெரும்பாடு.