ஊட்டி தாவரவியல் பூங்காவா, குன்னூர் சிம்ஸ் பூங்காவா?

நீலகிரிக்குக் குடும்பத்தோடு போகிறவர்களில் பலர் இந்த இரண்டு பூங்காக்களையும் ஒரே நாளில் முடித்துவிடப் பார்க்கிறார்கள். காலையில் ஊட்டி, மதியம் குன்னூர், நடுவில் போக்குவரத்து நெரிசல். சாயங்காலம் குழந்தை அழும், பெரியவர்கள் காரை விட்டு இறங்கவே மாட்டார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அங்கேயே நிதானமாக இருப்பதுதான் நல்லது. எதைத் தேர்ந்தெடுப்பது? எங்கே பூ அதிகம் என்று பார்த்துத்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: வாசல் மேட்டில் இருக்கிறதா, பள்ளத்தில் இருக்கிறதா?

ஊட்டி பூங்கா தொட்டபெட்டா மலையின் அடிச்சரிவில் இருக்கிறது. பரப்பு சுமார் 22 ஹெக்டேர். வாசல் அடியில், பூங்கா மேல்நோக்கி ஏறுகிறது. உள்ளே நுழைந்ததும் பெரிய புல்வெளி, பூப்பாத்திகள், அகலமான பாதை. மூட்டுவலி உள்ள பாட்டி இந்தக் கீழ்ப்பகுதியில் ஒரு பெஞ்சைப் பிடித்து உட்கார்ந்துவிட்டாலும் பூங்காவின் அழகான பகுதியை அவர் தவறவிட்டதாகாது. தெம்புள்ளவர்கள் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, களைத்துப்போன நேரத்தில் இறக்கத்தில் வந்து சேர்ந்துகொள்ளலாம்.

சிம்ஸ் பூங்காவில் எல்லாம் தலைகீழ். அது ஒரு பள்ளத்தாக்கு. சாலையை ஒட்டிய வாசலில் நுழைந்து, வளைவு வளைவாகக் கீழே இறங்கினால் அடியில் சின்னக் குளம். இறங்கும்போது யாருக்கும் சிரமம் தெரியாது. பாட்டியும் "இவ்வளவுதானா, வாங்க போகலாம்" என்று பேரன் கையைப் பிடித்துக்கொண்டு உற்சாகமாக இறங்கிவிடுவார். திரும்பி ஏறும்போதுதான் வினை. எல்லோரும் களைத்திருக்கும் நேரத்தில், தூக்கம் வந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏற வேண்டும். ஆகவே வீட்டில் முழங்கால் தொந்தரவு உள்ளவர் இருந்தால் ஊட்டிக்கே போங்கள். இல்லை, சிம்ஸ் பூங்காதான் என்றால் அவரைப் பாதி வழியிலேயே நிழலில் உட்காரச் சொல்லிவிடுங்கள். குளம் வரை அழைத்துப் போகாதீர்கள்.

இந்த வேறுபாடு நேற்று வந்ததில்லை. ஊட்டியில் 1847-ல் அங்கிருந்த ஐரோப்பியர்கள் மாதச் சந்தா போட்டுக் காய்கறித் தோட்டம் தொடங்கினார்கள். நியாயமான விலைக்குக் காய்கறி கிடைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அடுத்த ஆண்டு லண்டன் கியூ பூங்காவில் பயிற்சி பெற்ற மெக்ஐவர் வந்தார். அப்போது அந்த இடத்தின் மேல்பகுதி புதர்க் காடு, கீழ்ப்பகுதி சதுப்பு நிலம். அதைச் சீர்செய்து படிப்படியாக அமைத்த பூங்கா என்பதால் பாத்தி, புல்வெளி, படித்தளம் எல்லாவற்றிலும் ஓர் ஒழுங்கு தெரியும். 1874-ல் ஜே.டி. சிம்ஸ், மேஜர் முர்ரே இருவரும் உருவாக்கிய குன்னூர் பூங்காவில் நிலத்தின் இயற்கையான மேடுபள்ளத்தை அப்படியே விட்டுவிட்டு அதற்கேற்பச் செடி வைத்திருக்கிறார்கள். அது சுமார் 12 ஹெக்டேர்தான். ஊட்டியில் ஏறக்குறைய பாதி.

குழந்தைகளுக்கு எது? ஐந்து வயதுக்குக் கீழ் என்றால் ஊட்டிப் புல்வெளிக்கு ஈடில்லை. பிள்ளை எங்கே ஓடினாலும் கண்ணில் படும். ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள்: மே மாத மலர்க் கண்காட்சிக்கு முன்னால் பெரிய புல் மைதானத்தைப் பராமரிப்புக்காக மூடிவிடுவதுண்டு. அந்த நேரத்தில் போனால் புல்லைக் கயிற்றுக்கு இந்தப்பக்கம் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். அந்தச் சமயத்தில் சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஊட்டிக்குப் போவதில் பாதி அர்த்தம் போய்விடுகிறது.

ஏழெட்டு வயதுக்கு மேற்பட்ட, எதையும் நோண்டிப் பார்க்கும் பிள்ளை என்றால் என் ஓட்டு சிம்ஸ் பூங்காவுக்குத்தான். அங்கே மரங்கள்தான் கதாநாயகர்கள். ருத்ராட்ச மரம் ஒன்று இருக்கிறது. பூஜை அறையில் மாலையாகப் பார்த்த அந்த முள்முள்ளான பழுப்புக் கொட்டை, மரத்தில் பளபளக்கும் நீலப் பழத்துக்குள் இருக்கிறது என்பது பெரியவர்களுக்கே ஆச்சரியம். பழக்காலத்தில் போனால் மரத்தடியில் தேடிப் பாருங்கள். அந்த நீலத்தில் சாயப்பொருள் எதுவும் இல்லை. பழத்தோலில் இருக்கும் நுண்ணிய அடுக்குகள் ஒளியைத் திருப்பி அனுப்பும் விதத்தால்தான் நமக்கு நீலமாகத் தெரிகிறது. சதைக்குள் இருக்கும் கொட்டையில் மேலிருந்து கீழாக ஓடும் கோடுகளை எண்ணித்தான் ஐந்து முகம், ஆறு முகம் என்கிறார்கள். மரத்திலிருந்து பறிக்க மட்டும் கூடாது. தாத்தா பாட்டியும் பேரப் பிள்ளைகளும் ஒரே மரத்தடியில் சமமான ஆர்வத்தோடு குனிந்து நிற்கும் வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கும்?

ஊட்டியிலும் இப்படி நின்று பார்க்க விஷயங்கள் உண்டு. சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையானது என்று சொல்லப்படும் கல்லாகிப்போன மரத்துண்டு இருக்கிறது. குரங்கே ஏறத் திணறும் என்று பெயர் பெற்ற, இலையெல்லாம் கூர்மையான 'மங்கி பசில்' மரமும் இருக்கிறது. கண்ணாடி மாளிகை, பெரணிச் செடிகள், இத்தாலியன் பூங்கா எல்லாம் பார்க்கலாம். ஆனால் கூட்டம் தள்ளிக்கொண்டே போவதால் எதன் முன்னாலும் நிற்க விடமாட்டார்கள். செல்ஃபி எடுப்பவர்களுக்கு வழிவிட்டே நேரம் போய்விடும்.

ஊட்டியில் மட்டும் இருப்பது, பூங்காவின் உச்சியில் உள்ள தோடர் மந்து, அதாவது தோடர் பழங்குடியினரின் குடியிருப்பு. அரைவட்டக் கூரையும் குனிந்து நுழையும் அளவுக்குச் சின்ன வாசலும் கொண்ட அவர்களுடைய மரபான கட்டடத்தைப் பிள்ளைகள் நேரில் பார்க்கலாம். அது மக்கள் குடியிருக்கும் இடம், பூங்காவின் காட்சிப்பொருள் கிடையாது. கேட்காமல் படம் எடுக்கக் கூடாது என்பதை மேலே ஏறுவதற்கு முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

பூ மட்டும்தான் வேண்டும் என்றால் பேச்சே இல்லை, ஊட்டிதான். 1896-லிருந்து மலர்க் கண்காட்சி நடக்கும் ஊர் அது. காட்சி மாடத்தில் அடுக்கி வைத்திருக்கும் தொட்டிச் செடிகளுக்கு முன்னால் குன்னூர் நிற்க முடியாது. குன்னூரில் மே மாதம் பழக் கண்காட்சி. பழங்களை அடுக்கிச் செய்த உருவங்களைப் பிள்ளைகள் ரசிப்பார்கள். எனக்கு இரண்டு கண்காட்சிகளிலும் ஈடுபாடு இல்லை. கண்காட்சி நாளில் பார்ப்பது செடியை விட மனிதத் தலைகளைத்தான்.

மாதத்தையும் பார்க்க வேண்டும். ஊட்டி சுமார் 2,250 மீட்டர் உயரத்தில் தொடங்குகிறது, சிம்ஸ் பூங்கா 1,800 மீட்டருக்குச் சற்றுக் கீழே. இந்த வித்தியாசம் உடம்பில் நன்றாகவே தெரியும். டிசம்பர், ஜனவரி காலைகளில் ஊட்டிப் புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். பார்க்க அற்புதம்தான், ஆனால் கைக்குழந்தையோடு போகிறவர்களுக்குக் குன்னூரே சுகம். அதே குன்னூர் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையை நன்றாக வாங்கும். மேட்டுப்பாளையம் சாலையில் மண்சரிவும் வரலாம். ஊட்டிக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தூறலும் காற்றும். செப்டம்பரில், அல்லது பிப்ரவரி கடைசியில் போனால் எந்தப் பூங்காவும் நம்மைக் கைவிடாது.

எந்தப் பக்கமிருந்து வருகிறீர்கள் என்பதும் முக்கியம். கோவை, மேட்டுப்பாளையம் வழியாக ஏறினால் குன்னூர் முதலில் வரும். காலையில் சிம்ஸ் பூங்காவில் இறங்கிவிட்டால் ஊட்டி நெரிசலில் சிக்கவே வேண்டாம். மைசூரு பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ஊட்டிதான் முதல் வாசல்; அதைத் தாண்டிக் குன்னூருக்கு இறங்குவது வீண் அலைச்சல். தங்குவது ஊட்டியில், பார்க்க நினைப்பது சிம்ஸ் என்றால் குன்னூர் வரை மலை ரயிலில் போகலாம். லவ்டேல், கேத்தி, அரவங்காடு, வெலிங்டன் என்று ஒவ்வொரு நிலையமாகப் பிள்ளைகள் சொல்லிக்கொண்டே வருவார்கள். செங்குத்தான ஏற்றத்தில் ரயில் வழுக்காமல் ஏற உதவும் பல்சக்கரப் பாதை மட்டும் அதில் வராது. அது குன்னூருக்குக் கீழே, கல்லாறு வரை உள்ள பகுதியில்தான்.

கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். ஏரிக்கு அருகிலேயே இருப்பது அதன் பலம். பூங்காவைச் சீக்கிரம் சுற்றிவிட்டு, பிள்ளைகளை ஏரிக்கரையில் சைக்கிள் ஓட்ட விடலாம். ஆனால் பூங்காவுக்காகவே ஒரு முழு நாள் என்றால் சுமார் 20 ஏக்கர் பத்தாது.

எங்கே போனாலும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை நீலகிரிக்கு எடுத்துப் போகாதீர்கள். சோதனைச் சாவடியிலேயே வாங்கிவிடுவார்கள், அபராதமும் உண்டு. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் போதும். சொந்த வண்டி என்றால் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரி, கொடைக்கானல் இரண்டுக்குமே இ-பாஸ் வந்துவிட்டது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். கிளம்புவதற்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். பேருந்திலோ ரயிலிலோ போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.