எக்ஸ்சேஞ்ச் செல்ஃபா, நம்ம செல்ஃபா? கடலூர், புதுச்சேரி பழைய டீசல் வண்டிக்காரர்களுக்கு

செல்ஃப் (இன்ஜினைச் சுழற்றி ஸ்டார்ட் செய்யும் மோட்டார்) விர்ரென்று சுற்றாமல் 'ஊம்... ஊம்...' என்று இழுக்க ஆரம்பித்துவிட்டால், கடலூர் முதுநகரானாலும் புதுச்சேரி மேட்டுப்பாளையமானாலும் காதில் விழும் முதல் யோசனை ஒன்றுதான்: "கழட்டிக் குடுத்துட்டு எக்ஸ்சேஞ்ச் செல்ஃப் போட்டுடலாம்ணே." நம் பழையதைக் கொடுத்துவிட்டு, கடையில் ஏற்கெனவே சரிசெய்து வைத்திருக்கும் வேறொரு செல்ஃபை வாங்கி மாட்டுவது. வேலை சீக்கிரம் முடியும், வண்டி லோடுக்குப் போய்விடும். பழைய டாடா 407-இல் இருந்து 24 வோல்ட் லேலண்ட் வரை எல்லாவற்றுக்கும் பெயின்ட் வாசம் போகாத செல்ஃப் அலமாரியில் அடுக்கியிருக்கும். கொடுக்கிற காசுக்கு அது தகுமா?

அவசரத்துக்குத் தகும். நம்முடைய செல்ஃபையே கண்ணெதிரில் பிரித்து வேலை பார்க்கிற கடை கிடைத்தால் அதுதான் மேல். இரண்டுக்கும் முன்னால் இன்னொன்று: செல்ஃபைக் கழற்றவே தேவையில்லாத வண்டிகள் இந்தக் கடலோரத்தில் நிறைய.

காரணம் உப்பு. மீன் வண்டிகளில் ஐஸ் உருகி வடிகிற தண்ணீர் சேஸிஸ் வழியாக நேராக, பேட்டரி மைனஸ் கேபிளைப் பிடித்திருக்கும் எர்த் போல்ட்டில்தான் இறங்குகிறது. மேலே பார்த்தால் போல்ட் இறுக்கமாக இருக்கும். கழற்றினால் லக்குக்கு (கேபிள் நுனியில் இருக்கும் வளையம்) அடியில் பச்சைப் பொடியும் துருவும். செல்ஃப் சுற்றும்போது 300 ஆம்பியர் ஓடுகிற இடத்தில் வெறும் 0.002 ஓம் தடை இருந்தாலே 0.6 வோல்ட் காலி. மல்டிமீட்டரை ஓமில் வைத்துப் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. 'பீப்' அடித்து, கேபிள் நல்லது என்று சொல்லிவிடும். லோடில், அதாவது செல்ஃப் சுற்றும்போதுதான் அளக்க வேண்டும்.

அளக்கும் முறை இது. வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி ஸ்டாப் கேபிளை ஒருவர் இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் 5 விநாடி செல்ஃப் அடிக்கட்டும். 12 வோல்ட் பேட்டரி, வண்டி ஓடாமல் சில மணி நேரம் நின்ற பிறகு 12.6 காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதி சார்ஜ்தான், மேற்கொண்டு எதை அளந்தாலும் வீண். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனையிலேயே 9.6-க்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம், அல்லது செல்ஃப் அளவுக்கு மீறிக் கரன்ட் குடிக்கிறது. 24 வோல்ட் வண்டியில் இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக அளக்கவும். ஒன்று மட்டும் சரிந்தால் அதை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்கிற ஆசை வேண்டாம். பழசும் புதுசும் ஒரே ஜோடியில் ஒத்துப்போகாது, புதுசு சீக்கிரம் கெடும்.

அடுத்து, பேட்டரி மைனஸ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே மீட்டரை வைத்து செல்ஃப் அடித்தால் 0.3 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. பிளஸ் முனைக்கும் செல்ஃபின் பெரிய போல்ட்டுக்கும் நடுவே 0.5. சோலனாய்டின் (செல்ஃபுக்குக் கரன்ட்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) இரண்டு பெரிய போல்ட்டுக்கும் நடுவே 0.3, அதற்கு மேல் போனால் உள்ளே தாமிரத் தட்டு கருகியிருக்கிறது. மீட்டர் இல்லையா? நல்ல தடிமனான ஜம்பர் கேபிளைப் பேட்டரி மைனஸிலிருந்து நேராக இன்ஜின் பிளாக்கில் மாட்டிச் செல்ஃப் அடியுங்கள். வேகம் எடுத்தால் எர்த் கோளாறு.

கிளட்ச் வேலையோ இன்ஜின் வேலையோ முடிந்து வந்த வண்டி என்றால் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இன்ஜின் ரப்பர் மவுன்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. சேஸிஸுக்கும் அதற்கும் தனி எர்த் பட்டை வேண்டும். அதை மாட்ட மறந்துவிட்டால் கரன்ட் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாக ஊர்ந்து போகும். நாலு தடவை செல்ஃப் அடித்து அந்தக் கேபிளைத் தொட்டுப் பார்த்தால் சுடும்.

கேபிள் மாற்றுவதென்றால் 70 சதுர மில்லிமீட்டர் தாமிரம். கம்பி ஒன்றைப் பிளேடால் சுரண்டிப் பார்த்து வாங்கவும். உள்ளே வெள்ளை தெரிந்தால் அது தாமிரம் பூசிய அலுமினியம்.

இத்தனையும் சரியாக இருந்தும் இழுத்தால் குற்றவாளி செல்ஃப், அபூர்வமாக இன்ஜின். மார்கழிக் குளிரில் ஆயில் இறுகிவிட்டது என்பதெல்லாம் நம் ஊருக்குப் பொருந்தாத சாக்கு. டிசி கரன்ட் அளக்கிற கிளாம்ப் மீட்டர் ஒன்று இருந்தால் பிரிக்காமலே பாதி விடை கிடைத்துவிடும் (மலிவானவை பல ஏசி மட்டும்தான் அளக்கும், கேட்டு வாங்கவும்). அதே மாடல் நல்ல வண்டியை விட அதிகக் கரன்ட், ஆனால் வேகம் குறைவு என்றால் புஷ் (ஷாஃப்ட்டைத் தாங்கும் உலோக வளையம்) தேய்ந்து ஆர்மேச்சர் (உள்ளே சுற்றும் பகுதி) உரசுகிறது, அல்லது காயில் ஷார்ட். கரன்ட்டும் குறைவு, வேகமும் குறைவு என்றால் ஆர்மேச்சருக்குக் கரன்ட் கொடுக்கும் கார்பன் தேய்ந்தது, அதை அழுத்தும் ஸ்பிரிங் தளர்ந்தது, அது உரசும் தாமிரத் தகடுகளான கம்யூட்டேட்டர் கருகியது.

எக்ஸ்சேஞ்ச் செல்ஃபின் குறை இங்கேதான். உள்ளே என்ன மாற்றினார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. புதுக் கார்பன் போட்டு, புஷ்ஷைத் தொடாமல் விட்டிருந்தாலும் டேபிளில் வைத்து பேட்டரி கொடுத்தால் ஜோராகச் சுற்றிக் காட்டும். லோடு இல்லாமல் எந்தச் செல்ஃபும் சுற்றும். வண்டியில் ஏற்றினால்தான் வண்டவாளம். வாங்கியே ஆக வேண்டுமென்றால் பெண்டிக்ஸ் (ஃபிளைவீல் பல்லில் போய்ச் சேரும் சிறிய பல்சக்கரம்) பல் எண்ணிக்கையையும் சுற்றும் திசையையும் பழையதோடு ஒப்பிடவும். ஷாஃப்ட் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டவும். கடகடவென்றால் கீழே வைத்துவிடலாம். பின் மூடியைத் திறந்து காட்டச் சொல்லவும். மூடியின் உட்புறம் ஈயப் பொட்டுகள் தெறித்து ஒட்டியிருந்தால், யாரோ விடாமல் செல்ஃப் அடித்து ஆர்மேச்சர் சாலிடரை உருக்கிய செல்ஃப் அது. 10 விநாடிக்கு மேல் ஒரே மூச்சில் அடிக்காமல், அடுத்த முறைக்கு ஒரு நிமிடம் விட்டிருந்தால் அந்த நிலை வந்திருக்காது.

நம் செல்ஃபையே சர்வீஸுக்குக் கொடுத்தால் ஒரு நாள் வண்டி நிற்கும், அந்த நஷ்டம் உண்மைதான். பதிலுக்கு, பிரித்த நிமிடமே நோய் கண்ணுக்குத் தெரியும்: ஆர்மேச்சர் இரும்பில் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் புஷ். நல்ல கைக்காரர் புதுப் புஷ்ஷை ஆயிலில் ஊறவைத்துத்தான் அடிப்பார், ஆர்மேச்சரை குரோலரில் (ஷார்ட்டைக் கண்டுபிடிக்கும் கருவி) வைத்துப் பார்ப்பார், லேத்தில் கம்யூட்டேட்டரைக் கடைந்தபின் தகடுகளுக்கு நடுவே காப்பாக இருக்கும் மைக்காவை அரை மில்லிமீட்டர் ஆழம் கீறுவார். எமரி தாளால் நாலு தேய் தேய்த்துக் கொடுப்பவரிடம் அடுத்த முறை போக வேண்டாம். எமரித் துகள் கரன்ட் கடத்தும், தகடுகளுக்கு நடுவே தங்கிவிடும். பழைய கார்பனையும் புஷ்ஷையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், எதெது மாற்றியது என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் எக்ஸ்சேஞ்ச் பக்கமே போகாமல் இப்படித்தான் செய்ய வேண்டும். சேறு செல்ஃபுக்குள் மட்டும் போயிருக்காது, பெண்டிக்ஸ் ஏறும் ஃபிளைவீல் ரிங்கிலும் அப்பியிருக்கும், அதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

எதை மாட்டினாலும் பேட்டரி மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டவும். எக்ஸ்சேஞ்ச் செல்ஃபை ஏற்றுவதற்கு முன் அதன் முகத்தில், இன்ஜினோடு ஒட்டும் வட்டத்தில், அடித்திருக்கும் பெயின்ட்டை உலோகம் பளிச்சென்று தெரியும் வரை சுரண்டி எடுங்கள். செல்ஃபுக்கு எர்த் அந்த இடத்தில்தான். பெயின்ட்டோடு மாட்டினால் புதுச் செல்ஃபும் 'ஊம்... ஊம்...' என்றுதான் இழுக்கும்.