ராமேஸ்வரத்துக்குப் பகல் ரயிலில் வாருங்கள்

எங்கள் தீவுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அக்னி தீர்த்தத்தில் முங்கி, 22 தீர்த்தமும் ஆடி, மூன்றாம் பிரகாரத்தைச் சுற்றிவிட்டுச் சாயங்காலமே வேன் ஏறிவிடுகிறார்கள். கோயில் பெரிய கோயில், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இன்றைய ராமேஸ்வரத்தைப் பார்க்காமலே போகிறார்களே என்று தங்கச்சிமடத்துக்காரனான எனக்கு ஆதங்கம். அதனால்தான் மதுரையில் வாக்கப்பட்ட என் அத்தை ஊருக்கு வருகிறேன் என்றதும், காரெல்லாம் வேண்டாம் என்று நானே போய் பாசஞ்சர் ரயிலில் கூட்டிவந்தேன்.

தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள மண்டபம் ஊரைத் தாண்டியதும் அத்தையை இடது பக்க ஜன்னலுக்கு மாற்றினேன். கடல்மேல் தீவுக்கு வரும் பழைய பாம்பன் ரயில் பாலம் 1914-இல் திறந்தது. அதில் ரயில் ஊர்ந்துதான் போகும். கீழே தண்ணீர், மேலே கடகட சத்தம், கம்பியை இறுகப் பிடித்துக்கொள்வோம். அத்தை இப்போதும் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "ஏன்டா தம்பி, பாலத்துக்கு வந்துட்டமா?" என்றார். புதுப்பாலத்தில் அவ்வளவு குலுக்கல் இல்லை, பாதிக்கு மேல் தாண்டியிருந்தோம்.

2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். அதன்பின் இரண்டு வருடத்துக்கும் மேலாக மண்டபத்திலேயே இறங்கி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்தோம். 2025 ஏப்ரல் 6-இல் புதுப்பாலம் திறந்தபோது எங்களுக்கு வந்த நிம்மதி வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. நீளம் 2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. நடுவில் 72.5 மீட்டர் தூக்குப்பாலம், மோட்டாரில் அப்படியே 17 மீட்டர் உயரம் எழும்பும். முன்பு கப்பல் வந்தால் ஆட்கள் இரண்டு பக்கமும் நின்று கையால் சுற்றித்தான் திறக்க வேண்டும். தூக்குவதைப் பார்க்க ரயிலில் இருந்தால் ஆகாது. கப்பல் வரும் நாளாகக் கேட்டுவைத்துக்கொண்டு பாம்பன் கரையில் நில்லுங்கள்.

அடுத்து பேய்க்கரும்பில் கலாம் நினைவிடம். 2017-இல் திறந்தது, அரை மணி நேரம் போதும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அங்கே வரிசையில் நின்று, ராக்கெட் மாதிரியை அண்ணாந்து பார்க்கும் முகங்களுக்காகவே நான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

தனுஷ்கோடி தாண்டித் தீவின் கடைசி முனையான அரிச்சல்முனைக்கு அவசரமாகப் போகாதீர்கள். போன வருடம் எங்கள் சொந்தக்காரர்களை ஒரு வேன்காரர் அங்கே இறக்கிவிட்டுப் பத்தே நிமிடத்தில் ஹாரன் அடித்துவிட்டார். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு, மணலில் ஜீப் குலுங்கப் போன காலம் போய், இன்று தார்ச்சாலை கடைசிவரை போகிறது. அதன் இரண்டு பக்கமும் கடல். வழியில் இறங்கிச் சிதைந்த தேவாலயத்தைப் பாருங்கள், பக்கத்துக் கொட்டகையில் பொரித்த மீன் சாப்பிடுங்கள். மசாலா தூக்கல்தான், ஆனால் மீன் காலையில் கரையேறியது. அத்தை இரண்டு துண்டு கேட்டு வாங்கினார். வெயில் தாங்காது, குடையும் தண்ணீரும் அவசியம்.

டிக்கெட் விலைக்கு இதைவிட நல்ல பயணம் எங்கள் மாவட்டத்தில் இல்லை என்பேன். இரவு வண்டியில் மட்டும் வராதீர்கள், பாலம் கண்ணில் படாது.

திரும்பும்போதும் இடது பக்க ஜன்னலையே பிடியுங்கள். வரும்போது அந்தப் பக்கம் அலையடிக்காத பெண்கடல். போகும்போது அலையடிக்கும் ஆண்கடல்.