சோயா மெழுகுவர்த்தி: ஃபிராக்ரன்ஸ் ஆயிலா, எசென்ஷியல் ஆயிலா?

வீட்டில் சோயா மெழுகுவர்த்தி செய்பவர்கள் பலரும் சொல்லும் குறை இது: மூடியைத் திறந்தால் கமகமவென்று இருக்கிறது, ஏற்றினால் ஒன்றுமே தெரியவில்லை.

அறை முழுக்க மணக்க வேண்டும் என்றால் என் ஓட்டு ஃபிராக்ரன்ஸ் ஆயிலுக்குத்தான், அதாவது பெரும்பாலும் செயற்கையாகத் தயாரிக்கும் வாசனை எண்ணெய்க்கு. ஆனால் மெழுகுவர்த்திக்கென்றே தயாரித்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். 200 கிராம் மெழுகுக்கு 16 கிராம், அதாவது 8 சதவீதம், நல்ல தொடக்கம். தராசில் எடை போடுங்கள். மூடிக் கணக்கு உதவாது. மெழுகு 80 முதல் 85 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது எண்ணெயை விட்டு, இரண்டு நிமிடம் நிதானமாகக் கலக்க வேண்டும். அளவு மீறினால் மெழுகின் மேல் எண்ணெய் முத்து முத்தாக வியர்த்து நிற்கும்.

எசென்ஷியல் ஆயில் செடியிலிருந்தே எடுப்பது. செயற்கை மணம் பிடிக்காதவர்களுக்கு இதுதான் சரி. ஆனால் மணம் மெல்லியதாகத்தான் இருக்கும், செலவும் கூடுதல். ஆரஞ்சும் எலுமிச்சையும் சீக்கிரம் ஆவியாகிவிடும். லெமன்கிராஸ், பச்சௌலி, கிராம்பு பரவாயில்லை. மல்லிகை என்றால் ஃபிராக்ரன்ஸ் ஆயில் பக்கமே போய்விடுங்கள். அசல் மல்லிகைச் சாரத்தின் விலைக்கு அதை எரிக்க மனசு வராது.

எதை எடுத்தாலும் ஊற்றிய மறுநாளே தீர்ப்பு சொல்லாதீர்கள். மூடி வைத்து ஒன்றிரண்டு வாரம் விடுங்கள். அப்புறமும் மணம் குறைவு என்றால் எண்ணெயைக் கூட்டும் முன் திரியைக் கவனியுங்கள். உருகிய பரப்பிலிருந்துதான் மணம் எழும்பும். திரி மெலிசாக இருந்தால் அந்தப் பரப்பு கிண்ணத்தின் ஓரம்வரை போகாது.