தோட்டப்பாளையம் வியாழன் மாலை வேதபாட வகுப்பு: ஒரு மதிப்பீடு

வேலூர் தோட்டப்பாளையத்தில் ஒரு சபையின் பின்கூடத்தில் வியாழக்கிழமை மாலைதோறும் நடைபெறும் வேதபாட வகுப்பைப் பற்றி எழுதுகிறேன். விளம்பரம் வேண்டாம் என்று சபையார் கேட்டுக்கொண்டதால் பெயரைக் குறிப்பிடவில்லை. அந்தப் பகுதியில் யாரைக் கேட்டாலும் வழி சொல்லுவார்கள். கட்டணம் கிடையாது. எந்தச் சபையைச் சேர்ந்தவரும் வரலாம். ஆறரை மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு ஜெபத்தோடு முடிக்கிறார்கள்.

நடத்துகிறவர் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு மூத்தவர். எல்லாரும் அவரை ஐயா என்றே அழைக்கிறார்கள். ஒரு வசனத்தை எடுத்து அரை மணி நேரம் பிரசங்கிக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. ஒரு புத்தகத்தை எடுத்தால் அதை முடித்த பிறகுதான் அடுத்ததைத் தொடுகிறார். முதலில் அதிகாரம் முழுவதையும் ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும். பிறகு, யார் யாரிடம் பேசுகிறார், எந்தக் காலத்தில், எந்த நெருக்கடியில் பேசுகிறார், இதற்கு முந்தின அதிகாரம் எங்கே நின்றது என்ற கேள்விகளுக்கு வகுப்பே விடை தேடுகிறது. நமக்கு இதனால் என்ன என்ற கேள்வியை அதற்குப் பின்புதான் அனுமதிக்கிறார். கைப்பேசியில் வாசிப்பதை அவர் தடுப்பதில்லை. ஆனால் தேடுபெட்டி ஒரு வசனத்தை மட்டும் பிடுங்கிக் கொடுத்துவிட்டு அதன் அக்கம்பக்கத்தை மறைத்துவிடுகிறது என்பதால், அச்சிட்ட வேதாகமத்தையே கொண்டுவரச் சொல்லுகிறார்.

இந்த முறையின் பயனை எரேமியா 29ஆம் அதிகாரத்தை வாசித்த வாரங்களில் நன்றாகக் கண்டேன். "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்னும் பதினொன்றாம் வசனம் நம் வீட்டுச் சுவர்களிலும் புதுவருஷ வாக்குத்தத்த அட்டைகளிலும் இருக்கிறது. அது எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய ஒரு கடிதத்தின் நடுவில் வருகிறது என்பது பலருக்கு அன்றுதான் தெரிந்தது. அதற்கு முந்தின வசனமே பாபிலோனில் 70 வருஷம் நிறைவேற வேண்டும் என்று சொல்லுகிறது. வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், நீங்கள் சிறைப்பட்டுப்போன அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று கர்த்தர் சொன்னதைக் கேட்டவர்களில் பலர் ஊர் திரும்பாமலே கண்மூடியிருப்பார்கள். 28ஆம் அதிகாரத்தில் அனனியா என்பவன் இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று கர்த்தருடைய நாமத்தினாலேயே சொல்லி, பாபிலோன் ராஜாவுக்குக் கீழ்ப்பட வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த மர நுகத்தை எடுத்து உடைத்துப்போட்டான். அவனுக்கு எரேமியா முதலில் கொடுத்த பதில் "ஆமென்" என்பதுதான். அப்படியே நடந்தால் தனக்கும் சந்தோஷமே என்ற மனதோடு கேட்டுவிட்டு, சமாதானத்தை முன்னறிவிக்கும் தீர்க்கதரிசியை அவன் வார்த்தை நிறைவேறுவதைக் கொண்டே அறிய வேண்டும் என்றார். கேட்க இனிமையாக இருந்தது பொய்யனின் வார்த்தை. கசப்பாக இருந்தது மெய்யான தீர்க்கதரிசியின் வார்த்தை. இதை அறிந்தபின் அந்தப் பதினொன்றாம் வசனத்தின் ஆறுதல் குறைந்துபோகவில்லை, ஆழமாயிற்று என்றே சொல்லுவேன். உடனே கிடைக்கும் விடுதலைக்கு உத்தரவாதம் தராத தேவன், நெடுங்காலச் சிறையிருப்பிலும் தம் ஜனத்தை நினைத்திருக்கிறார் என்பது அதைவிடப் பெரிய செய்தி.

வேலூரில் இந்தப் பாடத்துக்குத் தனிப்பட்ட அவசரம் உண்டு. சிஎம்சி மருத்துவமனைக்கு வெளிமாவட்டங்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வந்து, சுற்றியுள்ள லாட்ஜுகளில் மாதக்கணக்காகத் தங்கியிருக்கும் குடும்பங்களில் சிலர் இந்த வகுப்புக்கு வருகிறார்கள். சுகம் நிச்சயம், இத்தனை நாளில் நடக்கும் என்று தேதி குறித்துச் சொல்லும் குரல்கள் அவர்களைத் தேடி வருவது எளிது; கலங்கிப் போயிருக்கிறவர்கள் அதைப் பற்றிக்கொள்ளுவதும் எளிது. அப்படிப்பட்டவர்களிடம் வாதம் செய்யாமல், 28ஆம் அதிகாரத்தையும் 29ஆம் அதிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கக் கொடுப்பதே பெரிய ஊழியம் என்று நான் நம்புகிறேன். தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதிய பவுல், அடுத்த வரியிலேயே எல்லாவற்றையும் சோதித்துப்பார்க்கச் சொல்லுகிறார். இரண்டையும் சேர்த்துச் சொல்லும் மேடைகள் குறைவு.

சோதிப்பதற்கு ஆசிரியரும் விலக்கல்ல என்பதே இந்த வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது. 70 வருஷம் என்ற கணக்கு முதன்முதலில் இந்தக் கடிதத்தில்தான் வருகிறது என்று ஐயா சொன்னபோது, நர்சிங் படிக்கும் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, 25ஆம் அதிகாரம் பதினொன்றாம் வசனத்திலேயே இருக்கிறதே" என்றாள். அவர் அந்தப் பகுதியை அவளையே வாசிக்கச் சொன்னார். அந்த அதிகாரம் யூதாவின் ராஜாவாகிய யோயாக்கீமின் நாலாம் வருஷத்தைச் சேர்ந்தது; ஆகவே கடிதத்துக்கு முந்தினது. அதைத் தாமே பலகையில் எழுதி, "சரியாகப் பார்த்தாய், அம்மா" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரத்துக்குத் தானியேல் 9ஆம் அதிகாரத்தைப் பாடமாக வைத்தார். எரேமியாவின் அந்தக் கணக்கைப் புஸ்தகங்களால் அறிந்துகொண்ட தானியேல், அறிந்தவுடன் உபவாசத்தோடு ஜெபிக்கத் தொடங்கினதை அங்கே வாசித்தோம். பெரோயா பட்டணத்தார் மனோவாஞ்சையாய் வசனத்தை ஏற்றுக்கொண்டார்கள், அதேவேளையில் பவுல் சொன்னவை அப்படித்தானா என்று தினந்தோறும் ஆராய்ந்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் அவர்களை அதற்காகவே நற்குணசாலிகள் என்கிறது. ஒரு அப்போஸ்தலனுக்கே அந்தச் சோதனை பொருந்துமென்றால் நம் போதகர்களுக்குப் பொருந்தாமற்போக முடியாது.

வட ஆற்காட்டுச் சபைகளுக்கு வசனத்தில் வாஞ்சை புதிதல்ல. 1853இல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷன் விதைத்த பழக்கம், ஓய்வுநாள் பள்ளி மனப்பாட வசனங்களாக இன்றும் தொடர்கிறது. சத்துவாச்சாரியிலிருந்து வரும் ஒரு மூத்த அம்மாவுக்கு நூற்றுக்கணக்கான வசனங்கள் நாவில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எந்தச் சூழலில் பேசப்பட்டது என்று இப்போது ஒரு நோட்டில் எழுதிவருகிறார். வகுப்பில் அவரைவிட ஆர்வமுள்ளவர் யாருமில்லை.

குறைகளும் உண்டு. முதலாவது, வாரந்தோறும் தரும் நகல்தாளில் பாபிலோனைப் பற்றியும் யூதாவின் ராஜாக்களைப் பற்றியும் எழுதியிருக்கும் குறிப்புகள் எங்கிருந்து எடுக்கப்பட்டவை என்று ஓரிடத்திலும் சொல்லப்படவில்லை. ஆராய்ந்துபார்க்கக் கற்பிக்கும் வகுப்பு, தன் தாளை ஆராய்ந்துபார்க்க வழி வைக்காதது பொருந்தவில்லை. இதை எழுத்தில் கேட்டிருக்கிறேன், திருத்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கேள்வி நேரம் கடைசி பத்து நிமிடத்துக்குச் சுருங்கிவிடுகிறது. ஆண்களே அதிகமாகப் பேசுகிறார்கள். அந்த மாணவியைப் போலத் துணிந்து எழுந்திருப்பவர்கள் சிலரே. கூடத்தில் எதிரொலி இருப்பதால் பின்வரிசையில் வாசிப்பு தெளிவாகக் கேட்பதில்லை. குடியாத்தம், ஆற்காடு பக்கம் போகிறவர்கள் பேருந்துக்காக ஜெபத்துக்கு முன்பே எழுந்துபோக நேரிடுகிறது.

வாரத்தின் மற்ற நாட்களில் வீட்டில் வாசிக்க நேரமில்லாதவர்களுக்கு இந்த வகுப்பு உதவாது. வாசித்துவிட்டு வராதவர் வெறுமனே உட்கார்ந்திருக்க நேரிடும். வாசிக்க மனமுள்ளவர்களுக்கு, குறிப்பாக ஞாயிறு பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வீட்டில் அதே பகுதியைத் திறந்துபார்க்கும் பழக்கத்தைத் தொடங்க விரும்புகிறவர்களுக்கு, இதைத் தயங்காமல் சொல்லுவேன். அடுத்ததாக ஆபகூக் புத்தகத்தை எடுக்கப்போகிறார்கள். அதன் 3 அதிகாரங்களையும் ஒரே அமர்வில் வாசித்து, தீர்க்கதரிசி கர்த்தரிடம் கேட்கும் கேள்விகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் ஐயா.