வேட்டைப் பை பின்னும் கிட்: கட்டை அருமை, நூல் தண்டம்

"பாரம்பரிய வேட்டைப் பை, நீங்களே கையால் முடிச்சுப் போட்டுப் பின்னலாம்" என்று ஆன்லைனில் ஒரு கிட் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆயிரத்து முந்நூறு சொச்சம். ஒரே சரக்கு வேறு வேறு பெயரில் வருவதால் விற்பவர் பெயரைப் போடவில்லை, பெட்டியைப் பார்த்தாலே தெரியும். உள்ளே இரண்டு மர வலை ஊசி (நூலைச் சுற்றி வைத்து வலை முடியும் தட்டையான ஊசி), ஒரு மூங்கில் அளவுக்கட்டை (வலையின் ஓட்டைகள், அதாவது கண்கள், ஒரே அளவில் வர நூலைச் சுற்றிப் போடும் பட்டை), ஒரு கண்டு பருத்தி நூல், பின்பக்கத்துக்கு வெட்டித் தைத்த கான்வாஸ் துண்டு, தோள்பட்டைக்குத் தோல் வார், இரண்டு பித்தளை வளையம், நான்கு பக்கத்தில் ஒரு செய்முறைத் தாள்.

முதலில் இது என்ன பை என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விற்பனைப் பக்கத்தில் அதைச் சரியாகச் சொல்லவே இல்லை. இங்கிலாந்திலும் ஐரோப்பாவின் மற்ற நாடுகளிலும் கௌதாரி மாதிரிப் பறவைகளைச் சுடப் போகிறவர்கள் தோளில் குறுக்கே மாட்டிக்கொள்ளும் பை இது. முதுகுப்பக்கம் தோல் அல்லது கான்வாஸ், முன்பக்கம் முடிச்சு வலை. சுட்ட பறவையின் உடம்புச் சூடு சீக்கிரம் ஆற வேண்டும், மூடிய பையில் போட்டால் புழுங்கிக் கறி கெட்டுப்போகும், அதற்குத்தான் வலை. நம்மூரில் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, கௌதாரியைப் பிடித்து இதில் போட்டால் பையோடு சேர்ந்து நாமும் உள்ளே போக வேண்டியதுதான். நான் இதைத் தோளில் மாட்டிக்கொண்டு போவது உழவர் சந்தைக்கு. சின்ன வெங்காயம், தேங்காய், மாங்காய் எல்லாம் காற்றோட்டமாக வருகின்றன, வீட்டுக்கு வந்ததும் அப்படியே ஆணியில் மாட்டிவிடலாம்.

விற்பனைப் பக்கத்தில் நான்கு படம் போட்டிருக்கிறார்கள், அதில் ஒன்று பப்புவா நியூகினியில் பெண்கள் நெற்றியில் மாட்டிச் சுமக்கும் பிலும் பை. அழகான படம்தான், ஆனால் அந்தப் பைக்கும் இந்தக் கிட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. பிலுமில் முடிச்சே இருக்காது. நூலை வளையம் வளையமாகக் கோத்துக்கொண்டே போவார்கள், அதனால் அது இழுத்த இழுப்புக்கெல்லாம் விரியும். இந்தக் கிட்டில் வருவது மீன்வலை முடிச்சு, ஒவ்வொரு கண்ணும் போட்ட இடத்தில் நிற்கும். படத்தைப் பார்த்து பிலும் செய்யலாம் என்று வாங்கினால் ஏமாற்றம்தான்.

சரி, பொருளுக்கு வருவோம். இந்தக் கிட்டில் காசு கொடுக்கத் தகுந்தது அந்த மூங்கில் அளவுக்கட்டை. 2.5 செ.மீ. அகலம், விளிம்பை நன்றாக உருட்டித் தேய்த்திருக்கிறார்கள், ஒரு வரிசைக் கண்களை ஒரே இழுப்பில் உருவி எடுக்க முடிகிறது. வலை ஒழுங்காக வருவதும் கோணலாக வருவதும் பெரும்பாலும் இந்தக் கட்டை கையில்தான் இருக்கிறது. கட்டையின் அகலம்தான் கண்ணின் ஒரு பக்கம், ஆக 2.5 செ.மீ. கட்டை என்றால் கண்ணை நீட்டி இழுத்தால் 5 செ.மீ. சின்ன வெங்காயம் சில நழுவும், எலுமிச்சை முக்கால்வாசி நிற்கும். கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் கட்டைகள் வழவழவென்று இருப்பதால் நூல் வழுக்கும், இது நூலை லேசாகப் பிடித்துக்கொள்கிறது.

ஊசிகள் பரவாயில்லை ரகம். பார்வைக்கு நன்றாக இருக்கின்றன, தேக்கா வேறு ஏதாவதா என்று தெரியாத ஒரு பழுப்பு மரம், மெழுகு பூசியிருக்கிறார்கள். ஆனால் உள்ளே நூல் மாட்டுகிற நாக்கு இருக்கிறதே, அதை மட்டும் தேய்க்காமல் விட்டுவிட்டார்கள். நூலை நாக்கில் சுற்றி, அடியில் உள்ள பள்ளத்தில் இறக்கி, ஊசியைத் திருப்பி மறுபடியும் நாக்கில் சுற்றி என்றுதான் ஊசியில் நூல் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சொரசொரப்பில் நூல் மாட்டிப் பிசிறு கிளம்புகிறது. மெல்லிய உப்புத்தாளை மடித்து நாக்கைச் சுற்றித் தேய்த்தால் சரியாகிவிடும், அதைத் தொழிற்சாலையிலேயே செய்திருக்கலாம். இன்னொன்று, பெரிய ஊசியில் நூலை முழுக்க ஏற்றினால் அது தடித்துப்போய்க் கண்ணுக்குள் நுழைய மறுக்கிறது. பாதி மட்டும் ஏற்றுங்கள், இல்லையென்றால் சின்ன ஊசியிலேயே வேலையை முடித்துவிடுங்கள்.

இப்போது நூல். இங்கேதான் எனக்குக் கோபம். அவர்கள் வைத்திருப்பது சுவரில் மாட்டும் அலங்காரத்துக்குப் பயன்படுகிற மேக்ரமே நூல், ஒற்றை இழை, தளர்ந்த முறுக்கு. அதன் வேலையே நுனியைப் பிரித்துக் குஞ்சம் விடுவது! வலைக்கு வேண்டியது நேர் எதிர்: இரண்டு மூன்று புரி சேர்த்து இறுக முறுக்கிய நூல். இந்த நூல் ஊசியோடு நாலு கண் போவதற்குள் முறுக்கு அவிழ்ந்து பஞ்சாகிவிடுகிறது, முடிச்சை இறுக்கினால் முடிச்சு ஓரத்திலேயே பட்டென்று அறுகிறது. 1913-ல் பின்லாந்தில், இன்று ரஷ்யாவுக்குள் இருக்கும் அன்ட்ரேயா என்ற இடத்தில், சதுப்பு மண்ணுக்குள் ஒரு மீன்வலை கிடைத்தது, வயது பத்தாயிரம் ஆண்டுக்கும் மேல். வில்லோ மரப்பட்டை நாரை முறுக்கி முடிந்த வலை அது. பட்டை நாரிலேயே அவ்வளவு செய்திருக்கிறார்கள், இவர்கள் பஞ்சாலை நூலை வைத்துக்கொண்டு இப்படிச் செய்கிறார்கள்.

நான் அந்தக் கண்டைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு, சென்னைக் காசிமேடு துறைமுகம் பக்கம் இருக்கும் வலைக் கடையொன்றில் இறுக்கமான மூன்று புரிப் பருத்தி நூல் கேட்டு வாங்கினேன். அங்கே முக்கால்வாசி நைலான்தான், 210 டினியர் (இழையின் பருமனைச் சொல்லும் அளவு) என்று ஆரம்பித்து எத்தனை புரி என்று எண் போட்டுக் கண்டு கண்டாக அடுக்கியிருப்பார்கள். பருத்தி என்றதும் கடைக்கார அண்ணன், "அது எதுக்குப்பா, உங்க தாத்தா காலத்துலயே போச்சே" என்று சிரித்தார். அவர் சொன்னதும் உண்மைதான். கடலில் பருத்தி வலை சீக்கிரம் மக்கும் என்பதால் அந்தக் காலத்தில் பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறவைத்துக் கறையேற்றுவார்கள், நைலான் வந்ததும் அந்த வேலையெல்லாம் நின்றுபோனது. ஆனால் கைப்பைக்குப் பருத்திதான் நல்லது. நனைந்தால் முடிச்சு இன்னும் இறுகும், தோளை அறுக்காது. நைலானில் இந்த ஒற்றை முடிச்சு வழுக்கும், இரட்டை முடிச்சாகப் போட வேண்டியிருக்கும். பருத்தி நூலையும் ஊசியில் ஏற்றுவதற்கு முன் ஈரத்துணியால் ஒருமுறை உருவிவிடுங்கள், முடிச்சு கச்சிதமாக உட்காரும். அதே கடையில் பிளாஸ்டிக் வலை ஊசி இருபது முப்பது ரூபாய்தான், நாக்கில் பிசிறு கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் அந்தச் செய்முறைத் தாள். முடிச்சைப் படமாகப் போட்டிருக்கிறார்கள், ஆனால் விரல் எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. நூலைக் கட்டைக்கு முன்னால் இறக்கி, அடியைச் சுற்றிப் பின்பக்கமாக மேலே கொண்டுவந்து, மேல் வரிசைக் கண்ணுக்குள் பின்னாலிருந்து முன்னால் நுழைத்து, கண்ணின் அடி கட்டையின் மேல் விளிம்பைத் தொடும்வரை கீழே இழுக்க வேண்டும். இழுத்த அந்த நொடியே இடது கட்டைவிரலால் அந்த இடத்தை அழுத்திக்கொள்ள வேண்டும். பிறகு நூலை இடப்பக்கம் மேலாக ஒரு வளையமாக வீசி, ஊசியைக் கண்ணின் இரண்டு காலுக்கும் (இரு பக்க நூலுக்கும்) பின்னால் வலமிருந்து இடமாக விட்டு, அந்த வளையத்துக்குள்ளேயே வெளியே எடுத்து இழுத்தால் முடிச்சு. கட்டைவிரல் கொஞ்சம் தளர்ந்தாலும் முடிச்சு கண்ணைப் பிடிக்காமல் அதற்குக் கீழே நழுவி விழும். பார்வைக்கு முடிச்சு மாதிரியே இருக்கும், தேங்காயைப் போட்டதும் நூலோடு வழுக்கிக்கொண்டு ஓடும், ஒரு கண் ஆளுயரத்துக்கு விரியும், பக்கத்துக் கண் மூடிக்கொள்ளும். ஒவ்வொரு முடிச்சையும் போட்டவுடன் இரண்டு காலையும் பிரித்து இழுத்துப் பாருங்கள், ஓடினால் ஊசி முனையாலேயே பிரித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

தாளில் கணக்கும் தப்பு. முன்பக்கம் 30 செ.மீ. அகலம், கண் 5 செ.மீ., ஆகவே ஆறு கண்ணில் ஆரம்பியுங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். 5 செ.மீ. என்பது கண்ணை முழுக்க இழுத்து நீட்டின அளவு. வலையைச் சதுரமாகத் திறந்து கட்டினால் ஒரு கண் மூன்றரை செ.மீ.தான் அகலம் கொடுக்கும். ஆறு கண்ணுக்கு 21 செ.மீ., அதைக் கான்வாஸில் இழுத்துக் கட்டினால் உள்ளே ஒரு மாங்காய்கூடப் போகாது. ஒன்பது கண் போட்டால் கான்வாஸின் அகலம் வரும், ஆனால் பை தொப்பை விட வேண்டும் அல்லவா, அதனால் பன்னிரண்டு கண்ணில் ஆரம்பித்து, உயரத்துக்குப் பதினாறு வரிசை போடுங்கள். கான்வாஸ் ஓரத்தில் தைக்கும்போது முனைகளில் கண்களைக் கொஞ்சம் நெருக்கமாகச் சேர்த்தால் அடியில் தொங்கல் அழகாக விழும்.

கான்வாஸ் நல்ல தடிமன், தையல் நேராக இருக்கிறது. தோல் வார் உண்மையான தோல், வாசனையே சொல்கிறது. பித்தளை வளையம் நிஜப் பித்தளை இல்லை, முலாம், வியர்வை பட்ட இடத்தில் ஏற்கெனவே கறுத்துவிட்டது, பையின் வேலைக்கு அதனால் குறை எதுவும் இல்லை.

என் மதிப்பெண்: ஐந்துக்கு இரண்டரை. முழுக் கிட்டாக வாங்காதீர்கள், அதுவும் பக்கத்தில் கடற்கரை ஊர் இருந்தால் வாங்கவே வேண்டாம். வலைக் கடையில் ஊசியும் நூலும், தெருமுனைச் செருப்புத் தைப்பவரிடம் ஒரு தோல் வாரும் வாங்கினால் பாதி விலைகூட ஆகாது, கட்டைக்கு ஒரு மூங்கில் துண்டைச் சீவிக்கொள்ளலாம். கடலே இல்லாத ஊரில் இருந்தால் வாங்கலாம், ஆனால் நூலை மட்டும் தனியாக வேறு இடத்தில் ஏற்பாடு செய்துகொண்டு ஆரம்பியுங்கள். 4 செ.மீ. அகலத்தில் அதே மூங்கில் கட்டை மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று விற்பவருக்கு எழுதிக் கேட்டேன், பதிலுக்குப் பத்து சதவீதத் தள்ளுபடியில் இன்னொரு முழு கிட் வாங்கச் சொல்லி ஒரு கூப்பன் அனுப்பியிருக்கிறார்கள்.