ஒழுகும் ஸ்பிரிங்ளர் வால்வுக்கு டயாபிரம் கிட்: வாங்கலாமா?

வால்வு மூடிய பிறகும் ஸ்பிரிங்ளரில் தண்ணீர் கசிந்தால் முழு வால்வையும் மாற்ற வேண்டியதில்லை. டயாபிரமும் (வால்வுக்குள் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் ரப்பர் தகடு) ஸ்பிரிங்கும் கொண்ட இந்த கிட் பெரும்பாலும் போதும். சென்னையில் நீலாங்கரை, திருவான்மியூர் பக்கம் போர் தண்ணீரில் வரும் மணலும் உப்புக்கறையும்தான் முதல் எதிரி. பல வால்வுகளில் டயாபிரத்தின் ஊசித்துளை அடைத்தாலே வால்வு மூடாது. கிழிசல் இல்லையென்றால் முதலில் கழுவிப் பாருங்கள், காசு மிச்சம்.

தண்ணீர் வரும் குழாயிலுள்ள கேட் வால்வை மூடி, ஸ்பிரிங்ளர் வால்வின் பிளீட் ஸ்க்ரூவை (அழுத்தத்தை வெளியேற்றும் சிறு திருகு) திருகி அழுத்தத்தை இறக்கிவிட்டு மேல்மூடியைக் கழற்றுங்கள். ஸ்பிரிங் துள்ளி ஓடும், கவனம். டயாபிரம் உட்காரும் விளிம்பிலுள்ள கறையை வினிகரில் நனைத்த துணியால் துடைக்கவும். கத்தியால் சுரண்டினால் கீறல் வழியே ஒழுக்கு தொடரும். திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

ஒரே குறை, 1 இஞ்ச் என்று மட்டும் சொல்லி வாங்கினால் பொருந்தாமல் போகும். பழைய டயாபிரத்தைக் கடைக்கு எடுத்துப் போங்கள்.